கடலுக்குப் பயந்தேன்: இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

2005ஆம் ஆண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் மாலை நேர ஆங்கில வகுப்பு. தரம் 10 பிள்ளைகள் ஒன்பது பேர். "என்னால் மறக்க முடியாத நாள்" என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். அந்த வருடம் அப்படியொரு தலைப்பைக் கொடுத்திருக்கக் கூடாது என்பது, கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது பேரும் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஐத்தான் எழுதியிருந்தார்கள்.

அதில் ஒரு மகள் எழுதிய வரி: "ஐ அஃப்ரெய்டட் டு த ஸீ."

கடலுக்குப் பயந்தேன். சொல்ல வந்தது முழுவதும் விளங்குகிறது. ஆனால் ஐந்து சொல்லில் மூன்று பிழை. அன்றைக்கு அந்த வரியில் சிவப்புப் பேனா வைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, யார் எழுதியது என்று சொல்லாமல், வேறு உதாரணங்களைப் பலகையில் எழுதி எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொடுத்தேன்.

அதே மூன்று பிழைகளை இன்றுவரை காண்கிறேன். கல்முனையிலிருந்து வந்தாலும் நற்பிட்டிமுனையிலிருந்து வந்தாலும் பெரியநீலாவணையிலிருந்து வந்தாலும் பிள்ளைகள் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வேலைக்குப் போகும் பெரியவர்களும் அப்படித்தான். தமிழ் நன்றாகத் தெரிந்த தலை, தமிழின் கணக்கை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிடுகிறது. அதனால் அந்த ஒரு வரியை வைத்தே முழுப் பாடத்தையும் சொல்கிறேன்.

ஆங்கில வாக்கியங்களை ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் தருகிறேன். முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்.

வொஸ் எங்கே போனது?

தமிழில் "பயந்தேன்" என்று ஒரே ஒரு சொல் போதும். பயந்தது நான், பயந்தது முன்பு என்று எல்லாமே அதற்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் அஃப்ரெய்ட் என்பது வினைச்சொல் இல்லை. அது பெயரடை. சிவப்பு, உயரம், புதியது என்பவை எந்த இனமோ அதுவும் அந்த இனம். சிவப்புக்கு இறந்தகாலம் கிடையாது. அஃப்ரெய்டுக்கும் கிடையாது. அதனால் அதன் வாலில் எட் ஒட்டக் கூடாது.

அப்படியென்றால் "முன்பு நடந்தது" என்பதை யார் சுமப்பது? அதற்குத்தான் வொஸ், வேர் என்ற இரண்டு சின்னச் சொற்கள். ஐ, ஹீ, ஷீ, இட் என்று தொடங்கினால் வொஸ். யூ, வீ, தே என்று தொடங்கினால் வேர். "ஐ வொஸ் அஃப்ரெய்ட்." "வீ வேர் அஃப்ரெய்ட்." காலம் மாறும்போது இந்த இடம் மட்டும்தான் மாறும். பெயரடையும் அசையாது, அதற்குப் பின்னால் வரும் முன்னிடைச்சொல்லும் (ஒவ், ஃபோர், அட் மாதிரியான சின்னச் சொல்) அசையாது.

உண்மையான குழப்பம் வேறொரு கூட்டத்தில் இருக்கிறது. இன்டரெஸ்டட், டயர்ட், எக்ஸைட்டட், போர்ட், மேரிட். இவை பிறக்கும்போதே எட் வாலோடு பிறந்தவை. அந்த வாலைப் பார்த்ததும் பிள்ளைகள் இறந்தகாலம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று நினைத்து வொஸ்ஸை விட்டுவிடுகிறார்கள். "ஐ இன்டரெஸ்டட் இன் கிரிக்கெட்" என்று எழுதுவது இதனால்தான். இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை எளிது. அந்தச் சொல்லோடு மூன்று நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். இன்றைக்கு, "ஐ ஆம் டயர்ட்." நேற்று, "ஐ வொஸ் டயர்ட்." நாளைக்கு, "ஐ வில் பி டயர்ட்." டயர்ட் அப்படியே நிற்கிறது. அப்போ அந்த எட் காலத்தைச் சொல்லவில்லை, ஆளின் நிலையைச் சொல்கிறது.

மேரிட் மட்டும் கொஞ்சம் தனிக் கதை. "ஷீ மேரிட் ஹிம்" என்றாலும் சரிதான், ஆனால் அது கலியாணம் நடந்த நாளைச் சொல்லும் வினை. முன்னிடைச்சொல் வராது. "ஷீ வொஸ் மேரிட் டு ஹிம்" என்றால் அவருடைய மனைவியாக இருந்தாள் என்று பொருள். நாம் "அவரோடு" என்று நினைத்து வித் போட்டுவிடுவோம். டு தான் சரி.

என்னிடம் படித்த ஒரு தம்பி ஒரு ஹோட்டல் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். முன்பு வேலை செய்த இடத்தில் உங்கள் பொறுப்பில் என்ன இருந்தது என்ற பொருளில், "வாட் வேர் யூ ரெஸ்பொன்சிபிள் ஃபோர்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னது, "ஐ ரெஸ்பொன்சிபிள்ட் த கிச்சன்." வேலை கிடைக்கவில்லை. இந்த ஒரு வரியால்தான் கிடைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று பின்னேரம் அவர் வந்து, "டீச்சர், மூணு வருசம் அந்தக் குசினிய நான்தான் பாத்தன், அதச் சொல்லத் தெரியாமப் போயிட்டே" என்று சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. கேட்டவர் வேர், ரெஸ்பொன்சிபிள், ஃபோர் மூன்றையும் கையில் தந்துவிட்டார். அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தால் போதும்: "ஐ வொஸ் ரெஸ்பொன்சிபிள் ஃபோர் த கிச்சன்." நேர்முகத் தேர்வுக்குப் போகும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். கேள்வியின் கடைசிச் சொல்லைக் காதில் பிடியுங்கள். அது பெரும்பாலும் உங்கள் பதிலுக்கு வேண்டிய முன்னிடைச்சொல்லாக இருக்கும்.

கேள்வி கேட்கும்போதும் இல்லை என்று சொல்லும்போதும் டிட்டைக் கூப்பிடாதீர்கள். டிட் வினைச்சொற்களுக்கு உதவ வரும் ஆள். பெயரடைக்கு வொஸ், வேர் இரண்டும்தான் எல்லா வேலையும் செய்யும். "டிட் யூ அஃப்ரெய்ட்?" தவறு. "வேர் யூ அஃப்ரெய்ட்?" சரி. "ஐ டிட் நொட் அஃப்ரெய்ட்" தவறு. "ஐ வொஸ் நொட் அஃப்ரெய்ட்" சரி.

இன்னொன்று. தமிழில் "எனக்குப் பயமாக இருந்தது" என்று "எனக்கு"வில் தொடங்குவோம். அதற்காக டு மீ என்று தொடங்கவே வேண்டாம். உணர்வு யாருடையதோ அவர்தான் ஆங்கிலத்தில் எழுவாய். ஐ என்று தொடங்குங்கள்.

கு வந்தால் டு என்று எழுதாதீர்கள்

அந்த மகளின் மூன்றாவது பிழை இது. கடலுக்கு என்பதில் உள்ள கு என்ற வேற்றுமை உருபைப் பார்த்து டு போட்டுவிட்டாள். தமிழில் கு செய்யும் வேலைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கடலுக்குப் பயந்தேன், பஸ்ஸுக்குப் பிந்திவிட்டேன், சோதனைக்கு ஆயத்தமாக இருந்தேன், உடம்புக்கு நல்லது. ஆங்கிலம் இவற்றையெல்லாம் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறது. அஃப்ரெய்ட் ஒவ், லேட் ஃபோர், ரெடி ஃபோர், குட் ஃபோர். இந்த நான்கில் ஒன்றில்கூட டு இல்லை.

மேல் என்ற சொல்லும் இப்படித்தான் ஏமாற்றும். என்மேல் கோபம் என்பதை ஆங்ரி ஒன் மீ என்று எழுதுவார்கள். ஆளோடு கோபம் என்றால் ஆங்ரி வித், விஷயத்துக்காகக் கோபம் என்றால் ஆங்ரி எபௌட். "மை உம்மா வொஸ் ஆங்ரி வித் மீ." "ஷீ வொஸ் ஆங்ரி எபௌட் த ப்ரோக்கன் பொட்." உடைந்த சட்டிக்காகத்தான் கோபம், ஆனால் ஏச்சு வாங்குவது நான்.

இல் உருபும் பாதி வழிதான் கூட வரும். இசையில் ஆர்வம் என்பதற்கு இன்டரெஸ்டட் இன். இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகின்றன. அதை நம்பிக் கணக்கில் கெட்டிக்காரன் என்பதை குட் இன் என்று எழுதினால் பிழை. திறமையைச் சொல்லும்போது குட் அட்.

அதனால் தமிழ் உருபைப் பார்த்து ஆங்கிலச் சொல்லைத் தேடும் வழியை விட்டுவிடுங்கள். அஃப்ரெய்ட் என்று தனியாக மனப்பாடம் செய்யவே செய்யாதீர்கள். அஃப்ரெய்ட் ஒவ் என்று சேர்த்து, ஒரே சொல் மாதிரி, ஒரே மூச்சில் படியுங்கள். அகராதியில் ஒரு புதுப் பெயரடையைப் பார்த்தால் பொருளோடு நிற்காமல் உதாரண வாக்கியத்தையும் பாருங்கள். அதில் அதன் சோடி இருக்கும்.

சோடிகளைக் குடும்பமாகப் படித்தால் சுமை குறையும். மிகப் பெரிய குடும்பம் ஒவ். எழுதும்போது கடைசி எழுத்து எஃப், ஆனால் ஒலி வ். ஒஃப் என்று அழுத்திச் சொன்னால் அது வேறு சொல், விளக்கை அணைக்கும்போது சொல்கிற ஒஃப். இந்த ஒவ் குடும்பத்தில் மனதுக்குள் நடப்பவை நிறைய இருக்கின்றன: அஃப்ரெய்ட் ஒவ், ஸ்கெயார்ட் ஒவ், ப்ரவுட் ஒவ், ஃபொன்ட் ஒவ், ஜெலஸ் ஒவ், அஷேம்ட் ஒவ், ஷுவர் ஒவ், அவெயர் ஒவ். பயம், பெருமை, பாசம், பொறாமை, வெட்கம், நிச்சயம், அறிந்திருத்தல். நிரம்பியிருப்பதைச் சொல்லும் ஃபுல் ஒவ் கூட இங்கேதான்.

இந்தக் குடும்பத்தைச் சொல்லிக்கொடுத்த கிழமை முடிவில் அந்த மகள் தன் கட்டுரையைத் திருப்பி எழுதிக்கொண்டு வந்தாள். "ஐ வொஸ் அஃப்ரெய்ட் ஒவ் த ஸீ" என்று திருத்தியிருந்தாள். அதற்குக் கீழே, நான் கேட்காமலே, இன்னொரு வரி சேர்த்திருந்தாள்: "மை பிரதர் வொஸ் ஃபொன்ட் ஒவ் இட்." இரண்டு வரிக்கும் சரி போட்டேன்.

மற்றக் குடும்பங்கள் சின்னவை. அட் திறமைக்கு: குட் அட், பேட் அட், க்ளெவர் அட். வித் ஆளோடும் பொருளோடும் உள்ள நிலைக்கு: ஆங்ரி வித், ப்ளீஸ்ட் வித், போர்ட் வித், பிஸி வித். எபௌட் மனதைச் சுற்றிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு: வொரிட் எபௌட், எக்ஸைட்டட் எபௌட், நெர்வஸ் எபௌட். ஃபோர் காரணத்துக்கும் நோக்கத்துக்கும்: ஃபேமஸ் ஃபோர், ரெஸ்பொன்சிபிள் ஃபோர், ரெடி ஃபோர், லேட் ஃபோர். டு கொஞ்சப் பேருக்கு மட்டும்: கைண்ட் டு, மேரிட் டு, சிமிலர் டு, க்ளோஸ் டு. வேறுபட்டது என்றால் டிஃப்ரன்ட் ஃப்ரொம்.

ஒருவரை எடுத்து அவரைப் பற்றி நான்கு சோடி எழுதச் சொல்வது என் வழக்கம். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தரை நான் அடிக்கடி எடுப்பேன், ஏனென்றால் நம் ஊருக்குப் பக்கம், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். "ஹீ வொஸ் குட் அட் சயன்ஸ்." "ஹீ வொஸ் இன்டரெஸ்டட் இன் மியூசிக்." "ஹீ வொஸ் ஃபேமஸ் ஃபோர் ஹிஸ் ஸ்டடி ஒவ் த யாழ்." "பீப்பிள் வேர் ப்ரவுட் ஒவ் ஹிம்." விஞ்ஞானம் படித்தவர், யாழ் என்ற இசைக்கருவியையும் பழந்தமிழர் இசையையும் ஆராய்ந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் என்பது தெரிந்தால் வாக்கியம் தானாக வரும். சொல்ல விஷயம் இருக்கும்போதுதான் இலக்கணம் ஒட்டும்.

ஆனால் வொஸ் ஃபேமஸ் ஃபோர் என்பதில் ஒரு கவனம் வேண்டும். ஒரு பிள்ளை "மருதமுனை வொஸ் ஃபேமஸ் ஃபோர் ஹாண்ட்லூம்" என்று எழுதினான். இலக்கணம் சரி. ஆனால் வாசிக்கிறவர், அந்தப் புகழ் அப்போது இருந்தது, இப்போது இல்லை என்று எடுத்துக்கொள்வார். மருதமுனைக் கைத்தறிச் சாறனும் சேலையும் இன்றைக்கும் பேசப்படுகின்றன. தறிகள் குறைந்திருக்கலாம், நின்றுவிடவில்லை. அதனால் இங்கே இஸ் என்று எழுத வேண்டும். பிழையில்லாத வாக்கியமும் பொய் சொல்லக்கூடும் என்பதை நான் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்வேன்.

ஒரே பெயரடை, இரண்டு சோடி

என் வாப்பா தறி நெய்தவர். காலையில் உட்கார்ந்தால் மஃரிப் வரை, அதாவது அந்தித் தொழுகை நேரம் வரை, அந்தச் சத்தம் கேட்கும். அவரை வைத்துத்தான் டயர்ட் என்ற சொல்லைச் சொல்லிக்கொடுப்பேன்.

"மை ஃபாதர் வொஸ் டயர்ட் ஃப்ரொம் வீவிங்." நெய்து நெய்து உடம்பு களைத்துப்போனார்.

"மை ஃபாதர் வொஸ் டயர்ட் ஒவ் வீவிங்." நெய்வதே அவருக்கு அலுத்துப்போனது.

முதல் வாக்கியம் ஒவ்வொரு நாளும் உண்மை. இரண்டாவது ஒருநாளும் உண்மையில்லை. கடைசிவரை அவருக்குத் தறி அலுக்கவில்லை. ஒரு சின்னச் சொல் மாறினால் ஒரு மனிதரைப் பற்றிய செய்தியே தலைகீழாகிவிடுகிறது. இதைச் சொன்ன பிறகு என் வகுப்பில் யாரும் இந்த இரண்டையும் மாற்றி எழுதியதில்லை. உங்களுக்கும் உங்கள் வீட்டில் ஒருவர் இருப்பார். தோணியில் போனவர், வயலில் நின்றவர், குசினியில் நின்றவர். அவரை வைத்து இந்த இரண்டு வாக்கியத்தையும் எழுதிப் பாருங்கள்.

குட் என்பதற்கும் இப்படி மூன்று முகம். "ஹீ வொஸ் குட் அட் இங்லிஷ்" என்றால் ஆங்கிலத்தில் கெட்டிக்காரர். "ஹீ வொஸ் குட் டு அஸ்" என்றால் எங்களிடம் நல்ல மாதிரி நடந்தார். "த ரெயின் வொஸ் குட் ஃபோர் த க்ரொப்ஸ்" என்றால் அந்த மழை வேளாண்மைக்கு நன்மையாக இருந்தது. ஸொரியும் அப்படி. ஆளுக்காக இரங்கினால் ஸொரி ஃபோர், நடந்ததற்காக வருந்தினால் ஸொரி எபௌட்.

நன்றி சொல்லும்போது இரண்டு முன்னிடைச்சொல் ஒன்றாக வரும். ஆளுக்கு டு, காரியத்துக்கு ஃபோர். "வீ வேர் க்ரேட்ஃபுல் டு த நேபர்ஸ் ஃபோர் தெயார் ஹெல்ப்."

மேலே வீவிங் என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு செயல் வந்தால் அது இங் வாலோடுதான் வரும். குட் அட் ஸ்விம்மிங், அஃப்ரெய்ட் ஒவ் ஃபோலிங், டயர்ட் ஒவ் வெயிட்டிங். வாக்கியம் இறந்தகாலமாக இருந்தாலும் அங்கே ஸ்வாம் என்றோ ஃபெல் என்றோ வராது. காலத்தை வொஸ் ஏற்கெனவே சுமந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் தடுமாறும் ஒன்று இருக்கிறது. யூஸ்ட் டு.

"மை ஃபாதர் யூஸ்ட் டு வீவ் ஸாரொங்ஸ்." வொஸ் இல்லை, இங் இல்லை. முன்பு சாறன் நெய்வார், இப்போது நெய்வதில்லை.

"மை மதர் வொஸ் யூஸ்ட் டு த நொய்ஸ்." வொஸ் இருக்கிறது. அந்தச் சத்தம் உம்மாவுக்குப் பழகிப்போயிருந்தது. இங்கே யூஸ்ட் ஒரு பெயரடை, டு அதன் சோடி. அதனால் செயல் வந்தால் இங் சேரும்: "ஷீ வொஸ் யூஸ்ட் டு ஸ்லீப்பிங் வித் தட் நொய்ஸ்."

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, முன்னால் வொஸ் அல்லது வேர் நிற்கிறதா என்று பார்ப்பது. நின்றால் பழகிப்போனது. நிற்காவிட்டால் முன்பு வழக்கமாக நடந்தது, இப்போது இல்லாதது.

சரி, எப்படிப் பழகுவது?

ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு முன்னிடைச்சொல். ஒவ் பக்கம், அட் பக்கம், ஃபோர் பக்கம் என்று. புதிய பெயரடை கிடைக்கும்போதெல்லாம் அதன் வீட்டில் கொண்டுபோய் எழுதுங்கள். டயர்ட் மாதிரி இரண்டு வீடு உள்ளவற்றை இரண்டிலும் எழுதி, பக்கத்தில் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வரி சேருங்கள். நெட்டில் கிடைக்கும் நூறு சொல் பட்டியலை அப்படியே பார்த்து எழுதுவதில் பயன் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று சோடி போதும்.

இரவு படுக்கப்போகும் முன் அன்றைய நாளைப் பற்றி ஐந்து வாக்கியம். கல்முனைக்குப் போன பஸ் நிரம்பி வழிந்ததா? "த பஸ் வொஸ் ஃபுல் ஒவ் பீப்பிள்." வகுப்புக்குப் பிந்தினீர்களா? "ஐ வொஸ் லேட் ஃபோர் க்ளாஸ்." நடந்து முடிந்த நாள் என்பதால் இறந்தகாலம் தானாக வந்துவிடும்.

இருவர் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் சொல்ல வேண்டும். கேள்வியில் முன்னிடைச்சொல் கடைசிக்குப் போய்விடும் என்பதை மறக்காதீர்கள். "வாட் வேர் யூ அஃப்ரெய்ட் ஒவ்?" "ஹூ வேர் யூ ஆங்ரி வித்?" முடிவில் ஒவ்வும் வித்தும் தனியாகத் தொங்குவது நமக்கு அரைகுறையாகத் தோன்றும். அதை வெட்டிவிடக் கூடாது. பதில் சொல்லும்போது அஃப்ரெய்ட் ஒவ் என்பதை இடைவெளி விட்டுச் சொல்லாமல், அஃப்ரெய்டொவ் என்று ஒட்டிச் சொல்லுங்கள். நாக்கு ஒட்டிச் சொல்லப் பழகிவிட்டால் கை பிரித்து எழுதாது.

இப்போது கீழே உள்ளவற்றைப் பதிலைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். உம்மா என்மேல் கோபமாக இருந்தார். தம்பி நீந்துவதில் கெட்டிக்காரனாக இருந்தான். அந்தப் பிள்ளைகளுக்கு இருட்டுக்குப் பயமில்லை, இது நேற்றைய கதை. நீங்கள் எதைப் பற்றிக் கவலையாக இருந்தீர்கள்? எனக்கு அந்த வேலை பழகிப்போயிருந்தது.

பதில்கள் அதே வரிசையில்: "மை மதர் வொஸ் ஆங்ரி வித் மீ." "மை பிரதர் வொஸ் குட் அட் ஸ்விம்மிங்." "தோஸ் சில்ட்ரன் வேர் நொட் அஃப்ரெய்ட் ஒவ் த டார்க்." "வாட் வேர் யூ வொரிட் எபௌட்?" "ஐ வொஸ் யூஸ்ட் டு த ஜொப்."

நான்காவதை "வாட் டிட் யூ வொரி எபௌட்?" என்று சொன்னவர்களுக்கும் சரி போடுகிறேன். வொரி வினையாகவும் வரும் சொல், அதனால் அதற்கு மட்டும் டிட் பொருந்தும். மூன்றாவதில் டிட் போட்டவர்கள் மட்டும் மேலே போய் வொஸ் பகுதியை இன்னொரு தரம் வாசித்துவிட்டு வாருங்கள்.